இந்த ரௌட்டர் ஆருடையது?

வன்னியில் மாடு தொலைந்தால் அதன் தொடையில் சுட்ட குறியைப் பார்த்துச் சொந்தக்காரரைச் சொல்லிவிடலாம். இணையக் கருவிகளுக்குக் குறி சுடுகிற வழக்கம் இன்னும் வரவில்லை என்பதால்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கிளிநொச்சியில் ஓர் இணையக் கம்பனியின் கிளை. என் பதவி 'வாடிக்கையாளர் சரிபார்ப்பு உத்தியோகத்தர்'. பெயர் நீளமாக இருந்தால் வேலை சின்னது என்று புரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு பெயர் இருக்கும். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கும். போய்க் கதவைத் தட்டினால் மூன்றாவதாக ஓர் ஆள் வந்து எட்டிப்பார்ப்பார். இந்த மூன்று பேரையும் ஓராள் ஆக்கிவிட்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. எட்டு வருடத்தில் அப்படி முடிந்த நாட்களை என் கைவிரல்களிலேயே எண்ணலாம், மிச்ச விரலும் இருக்கும்.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் ஒரு பெட்டி பச்சை லைற்றோடு மினுங்கிக்கொண்டிருக்கிறதா? அதை ஆருடைய பெயரில் எடுத்தீர்கள் என்று உங்களுக்கே மறந்துவிட்டதா? அப்படியென்றால் கிட்ட வாருங்கள். நீங்களும் எங்கட ஆள்தான்.

வீட்டு இலக்கம்

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம். ஓர் அரச திணைக்களத்திலிருந்து நடுத்தர வயது உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சேர்ட், கக்கத்தில் ஒரு காகிதக் கோவை. அவர்களுடைய இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, முதற்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த பணிப்பாளரின் படத்துக்கு மீசை கீறிவிட்டார்களாம். பணிப்பாளர் ஒரு பெண் என்பதால் விசாரணை கடுமையாக நடந்துகொண்டிருந்தது.

கோவையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து என் மேசையில் வைத்தார். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு இலக்கங்கள். "ஐ.பி. அட்ரஸ் கிடைச்சிட்டுது. இனி நீங்கள் வீட்டை மட்டும் காட்டினால் சரி. நான் வாகனத்தோடைதான் வந்தனான்" என்றார். யன்னலால் எட்டிப் பார்த்தேன். உண்மையாகவே வாகனம் நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை.

கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, விளக்கினேன். இது வீட்டு முகவரி இல்லை, கம்பனி இரவல் கொடுக்கிற ஓர் இலக்கம். இன்றைக்கு ஒருவரிடம் இருக்கும், ரௌட்டரை நிறுத்திப் போட்டால் வேறொருவரிடம் போய்விடும். சிலவேளை ஒரே நேரத்தில் நூறு பேருக்கும் அதே இலக்கம்தான். எந்தத் திகதி, எத்தனை மணி என்று தெரியாமல் தேட முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு வீட்டு நம்பரை நூறு பேருக்குக் குடுக்கிறியள், பின்னேரம் அதையும் மாத்திப்போடுறியள். உங்கடை கம்பனிக்காரர் ஒரு தபால்காரனைக் கேட்டுப்போட்டாவது இதைத் தொடங்கியிருக்கலாமே?"

லயம் இலக்கம் ஏழு

தலைமையகத்துக்குப் பொழுது போகாவிட்டால் எங்களுக்கு ஒரு பட்டியல் வரும். 'முகவரி பொருந்தாத சந்தேகத்துக்குரிய இணைப்புகள்' என்று அதற்குத் தலைப்பு. ஒரு தடவை முதலாவது ஆளாக இருந்தவர் ராஜலெட்சுமி என்ற பெண். ரௌட்டர் வேலை செய்வது கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு குடியேற்றக் கிராமத்தில். அடையாள அட்டையில் இருப்பதோ மலைநாட்டில் அட்டன் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பு, லயம் இலக்கம் ஏழு. அந்த முகவரிக்கு அனுப்பிய கடிதம் இரண்டு தரம் திரும்பி வந்திருந்தது. 'ஆளைக் காணவில்லை. நேரில் சென்று கருவியைப் பறிமுதல் செய்யவும்' என்று எனக்குக் கட்டளை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆள் காணாமல் போகவில்லை. பப்பாசித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தா. சின்ன வயதில் கலவரத்துக்குத் தப்பித் தாய் தகப்பனோடு வந்தவ. பிறப்புச் சான்று தோட்டத்தில் இருந்ததால் அடையாள அட்டையையும் அந்த விலாசத்திலேயே எடுத்திருந்தா. உள்ளே அறையில் மகள் பல்கலைக்கழகப் பரீட்சையை மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தாள். ரௌட்டர் அந்தப் பிள்ளையின் தலைக்கு மேல் ஆணியில் தொங்கியது. பறிமுதல் செய்யச் சொன்ன கடிதம் என் பைக்குள் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

புதிய முகவரியை அங்கேயே நின்று பதிந்தேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, அந்தக் கிராமத்தின் பெயர் அதன் பட்டியலில் இல்லையாம். பக்கத்து ஊரின் பெயரைப் போட்டால் 'அடையாள அட்டையோடு பொருந்தவில்லை' என்றது. முக்கால் மணித்தியாலம் நான் அதோடு மல்லுக்கட்டுவதை அந்த அக்கா முந்தானையால் கை துடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில் ஒரு பப்பாசிப் பழத்தை என் கையில் வைத்துச் சொன்னா:

"விடுங்க மிஸ். நாங்க மலையை விட்டு இறங்கி நாப்பது வருசம் ஆச்சு. ஒங்க கம்ப்யூட்டருதான் இன்னும் இறங்கல."

கச்சான் தோட்டத்துக் கமரா

விசுவமடுவில் ஒரு கமரா. அதன் கடவுச்சொல்லைக் கடையில் வாங்கியபடியே மாற்றாமல் விட்டிருந்ததால் உலகத்தில் எவனும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், ஏற்கெனவே ஏதோ ஒரு வெளிநாட்டில் இருந்து ஒருவன் தினமும் பார்க்கிறான், உடனே சொந்தக்காரரை எச்சரிக்கவும் என்று தகவல் வந்தது. இணைப்பு பிரான்சில் இருக்கிற ஒரு மகனின் பெயரில். மகனுக்கு அழைத்தால், "அது அப்பாவின்ரை" என்றார். அப்பா கைத்தொலைபேசி வைத்திருப்பதில்லை. கமராவைப் பார்த்துத்தான் மகன் அப்பாவின் சுகம் அறிகிறாராம்.

தேடிக் கண்டுபிடித்தேன். இரண்டு ஏக்கர் கச்சான், அதாவது நிலக்கடலை. நடுவில் ஒரு கம்பம், உச்சியில் கமரா, அதற்குக் கீழே சாக்குக் கட்டிலில் ஐயா. குரங்குக்குக் காவல். நான் மூச்சுவிடாமல் விளக்கினேன்: உங்கள் தோட்டத்தை முன்பின் தெரியாத ஒருவன் இருபத்துநான்கு மணி நேரமும் பார்க்கிறான், இது பெரிய ஆபத்து. ஐயா எழும்பி இருந்து, கமராவை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை.

"நல்ல விசயம்தானே பிள்ளை. மகனும் வேலைக்குப் போயிடுவான், நானும் மத்தியானத்திலை ஒருக்காக் கண்ணயர்ந்துபோவன். அந்தப் பொடியனோடை கதைச்சு, குரங்கு வந்தால் ஒரு சத்தம் மட்டும் போடச் சொல்லிவிடுங்கோ."

கடலில் ஒரு வாடிக்கையாளர்

சட்டைப்பைக்குள் வைக்கிற சின்ன வைஃபைக் கருவிகள் வந்தபிறகு எங்கள் துன்பத்துக்குக் கால் முளைத்தது. முல்லைத்தீவுக் கரையில் மேரி யசிந்தா என்பவரின் பெயரில் ஒன்று. தலைமையகத்தின் வரைபடத்தில் அந்தக் கருவி விடியற்காலையில் கரையில் நிற்கிறது, பிறகு நேரே கிழக்காகப் போகிறது, பத்து மணிக்குத் திரும்பி வருகிறது. 'வாடிக்கையாளர் பதிவுசெய்த முகவரியில் இல்லை, கடலில் இருக்கிறார். நேரில் சென்று உறுதிப்படுத்தவும்.' கம்பனி வள்ளம் தருமா என்று பதில் எழுதினேன். பதில் வரவில்லை.

மேரி அக்கா வலை காய்ந்த முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கருவியைக் கணவர் பொலித்தீன் பைக்குள் சுற்றித் தொழிலுக்குக் கொண்டுபோகிறார், காற்று எப்படி என்று பார்க்க, அவசரத்துக்கு வீட்டோடு கதைக்க. போன மாரியில் இயந்திரம் நின்று வள்ளம் இழுபட்டபோது அதில்தான் மற்ற வள்ளங்களைக் கூப்பிட்டுக் கரை சேர்ந்தாராம். 'எனக்கு என்ன, அவருக்கு மணிக்கூடு இல்லை, அது இருந்தால் மணி பார்ப்பார்' என்று சிரித்தா. ஆனால் மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கருவியைச் சார்ஜ் போடுவதற்கென்றே ஒரு தட்டு அடித்திருந்ததைக் கண்டேன். அந்த இணைப்பை வெட்டிவிடக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

படிவத்தில் 'நிலையான முகவரி, வீட்டு இலக்கம்' என்ற கட்டம் கட்டாயம். கேட்டேன். மீன் வெட்டின கத்தியை வைத்துவிட்டு அவா விரல் மடித்து எண்ணத் தொடங்கினா. சுனாமிக்கு முதல் ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று, முகாமில் ஒன்று, மீளக்குடியேறி ஒன்று.

"வீட்டு நம்பரை மூண்டுதரம் மாத்திப்போட்டாங்கள். வள்ளத்து நம்பரை எழுதுங்கோ பிள்ளை, அதைத்தான் ஒருத்தரும் இன்னும் தொடேல்லை."

பிரின்சிப்பல் சேரின் விருந்தாளிகள்

பளையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். 'யாரோ என் இணையத்தைத் திருடுகிறார்கள், கண்டுபிடித்துத் தண்டிக்கவும்' என்று இலக்கணப் பிழையில்லாமல் ஒரு முறைப்பாடு எழுதியிருந்தார். எங்கள் தொழில்நுட்பவியலாளர் டேவிட் அண்ணரோடு போனேன். டேவிட் அண்ணர் பேசமாட்டார், வயரோடு மட்டும்தான் கதைப்பார். ரௌட்டருக்குள் பார்த்தால் இருபத்துமூன்று கருவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டில் இருப்பது சேரும் மனைவியும்.

கருவியின் பெயரை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. எல்லாம் இலக்கமும் எழுத்துமாக இருக்கும். டேவிட் அண்ணர் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஒவ்வொன்றாக வெட்டுவோம், ஆர் கத்துகிறார் என்று பார்ப்போம். முதலாவதை வெட்டினார். இரண்டு நிமிடத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "சேர், உங்கடை லைன் போட்டுதோ? எனக்கு நாடகம் நிண்டுபோச்சு" என்றா. நான்காவதுக்கு எதிர்வீட்டு ஓட்டோக்காரர் வந்தார். ஏழாவதுக்குச் சலூன்காரர், பாதி சவரம் செய்த வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு. எல்லோருக்கும் கடவுச்சொல் தெரிந்திருந்தது. சேரின் மனைவி சீனி வாங்கப் போகும்போதும் மா இடிக்கப் போகும்போதும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறா. அவா அடுப்பைச் சாட்டிக் குசினிக்குள் இருந்து வெளியே வரவே இல்லை.

பதினோராவதை வெட்டியபோது கோயில் செயலாளர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சுவாங்க வந்தார். திருடனைப் பிடிக்கக் காத்திருந்த சேர் பிரம்பு இல்லாத குறையாக எழும்பி நின்றார். செயலாளர் அவரை முந்திக்கொண்டார்.

"என்ன சேர் இது? உண்டியல் கமரா உங்கடை லைனிலைதானே ஓடுது. இப்பிடிச் சொல்லாமல் கொள்ளாமல் நிப்பாட்டினால், களவு போறதுக்கு நீங்கள்தான் பொறுப்பு!"

மூன்று எழுத்து

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் கேலிக்குரிய ஆள் நான்தான்.

ஒரு பெண்ணின் படத்தை வைத்து முகநூலில் யாரோ பொய்க் கணக்கு ஒன்று தொடங்கி, அந்தப் பெண்ணே எழுதுவதுபோல் அசிங்கமாக எழுதியிருந்தார்கள். நிச்சயித்திருந்த கலியாணம் குழம்பும் நிலை. நீதிமன்ற அனுமதியோடு பொலிஸிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது: இந்த இலக்கம், இந்தத் திகதி, காலை பத்து மணி பத்து நிமிடம், அந்நேரம் இதைப் பாவித்தவர் ஆர்? நேரமும் இருந்தது, திகதியும் இருந்தது. இப்படிச் சுத்தமான கேள்வி எங்களுக்கு வருவதே இல்லை. பத்து நிமிடத்தில் பதிலை எடுத்தேன். முரசுமோட்டை, யோகேஸ்வரி, முன்பள்ளி ஆசிரியை. கையொப்பம் வைத்து முத்திரை குத்தினேன். அன்றைக்கு முகாமையாளர் என்னைப் பாராட்டினார்.

யோகேஸ்வரி காலை பத்து மணிக்கு முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பா. ஆகவே சந்தேகம் வீட்டில் இருந்த கணவர்மேல் போனது. கணவர் தவம் அண்ணை, போரில் ஷெல் பட்டு ஒரு காலை இழந்தவர். முன் விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசி திருத்துவதுதான் அவருடைய தொழில். விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். அவருடைய தொலைபேசி, கணினி, திருத்தக் கொடுத்த ஊர்ச்சனத்தின் தொலைபேசிகள் எல்லாம் பரிசோதனைக்குப் போயின. பிறகு ஊர் தன் விசாரணையைத் தொடங்கியது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிற மனுசன், பொம்பிளைப் பிள்ளைகளின் போனெல்லாம் அவன் கையால்தான் போகுது, உள்ளுக்குள் இருக்கிற படங்களை என்ன செய்தானோ. முன்பள்ளியில் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள்.

மூன்று கிழமை கழித்துப் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அந்த அதிகாரி சிங்களவர், தமிழைப் பார்த்துப் பார்த்து அடி வைப்பதுபோல் பேசுவார். பரிசோதித்த ஒரு கருவியிலும் எதுவும் இல்லை என்றார். பிறகு, "மிஸ், ஒரு சின்னக் கேள்வி. பத்து மணி பத்துக்குப் பக்கத்தில யூ.டி.சி. என்று மூணு எழுத்து இருக்குதானே. அது என்ன?" என்று கேட்டார். நான் கடிதத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஏதோ ஒரு அலுவலகத்தின் சுருக்கப் பெயர் என்று நினைத்து நான் தாண்டிப்போன மூன்று எழுத்து. அது உலகப் பொது நேரம். எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. முகநூல்காரர்கள் தங்கள் நேரத்தில் கொடுத்திருக்கிறார்கள், நான் என் கைமணிக்கூட்டில் பார்த்திருக்கிறேன். கேட்ட நேரம் காலை பத்து பத்து இல்லை, பின்னேரம் மூன்று நாற்பது.

திரும்பத் தேடினேன். மூன்று நாற்பதுக்கு அதே இலக்கம் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் இருந்தது. கடைச் சுவரில், வடையின் விலைக்குக் கீழே, வைஃபை கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்றைக்குப் பஸ்சுக்கு நின்றவர்களில் ஆர் என்று முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் கலியாணம் நல்லபடி நடந்தது என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

திருத்தக் கடிதம் எழுத முகாமையாளரிடம் போனேன். அவர் என் வரைவை வாங்கிப் பார்த்து, 'எமது பிழை' என்ற இடத்தில் பேனையை வைத்து, "பிழை எண்டு போடாதேங்கோ, 'மீள்பரிசீலனை' எண்டு போடுங்கோ" என்றார். மாட்டேன் என்றேன். எட்டு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன் அதுதான். பொலிஸுக்குக் கடிதத்தைக் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருட்கள் அந்தக் கிழமையே திரும்பின. ஆனால் பொலிஸின் கோவைக்குள் கிடக்கும் கடிதத்தை ஊர் வாசிக்காது. முன்பள்ளியின் பெற்றோர் கூட்டம் எப்போது என்று விசாரித்து, கேளாமலே போனேன். எழும்பி நின்று, என் பெயரையும் பதவியையும் சொல்லி, நான் நேரத்தைப் பிழையாகப் பார்த்தேன், இந்த வீட்டுக்கும் அந்தக் கணக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வாசித்தேன். சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் மடித்திருந்த தாய்மார் பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். ஒருத்தி மட்டும், "அப்ப திங்கட்கிழமை பிள்ளையை விடலாம்தானே ரீச்சர்?" என்று, ஏதோ பிள்ளைக்குக் காய்ச்சல் மாறியதுபோல் கேட்டா.

கூட்டம் முடிந்து படலை வரைக்கும் யோகேஸ்வரி என்னோடு வந்தா. தவம் அண்ணை வரவில்லை, இப்போதெல்லாம் விறாந்தையில் இருப்பதை விட்டு அறைக்குள் இருந்துதான் திருத்துகிறாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் கேட்டா:

"ஒரு மெசேஜ் எங்கையிருந்து வந்ததெண்டு தேட உங்களிட்டை நம்பர் இருந்தது. இவரைப் பற்றிக் கதைச்ச வாயளை எந்த நம்பரை வைச்சுத் தேடப்போறியள், தங்கச்சி?"

எங்கள் தொழிலை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான்: பிழையான ஆளைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நிமிடம் போதும், சரியான ஆள் இன்றைக்கும் எங்கேயோ முழு சிக்னலோடு நிம்மதியாக இருக்கிறார்.